கிறிஸ்டியான் ஹைகன்ஸ்

கிறிஸ்டியான் ஹைகன்ஸ் (ஏப்ரல் 14, 1629 – ஜூலை 8, 1695) ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும், இயற்பியலாளரும், வானியலாளரும் ஆவார். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியமைக்காகவும், சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டறிந்தமைக்காகவும், ஒளியின் அலைக் கொள்கைக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். 1657 ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது சூதாட்டக் கணக்கு பற்றிய சிறு நூல், நிகழ்தகவு குறித்து அச்சேறிய முதல் நூலாகக் கருதப்படுகிறது. போக்கர் போன்ற சீட்டாட்டங்களில் பந்தயத்தைத் தொடர்வதா விலகுவதா என முடிவு செய்ய இன்று பயன்படும் கணக்கின் அடிப்படை இந்நூலிலேயே உள்ளது.

இளமையும் கல்வியும்

ஹைகன்ஸ் டென் ஹாக் நகரில் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் கவிஞரும் அரச தூதுவரும் ஆவார். 1645 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹைகன்ஸ், சட்டத்துடன் கணிதமும் கற்றார். அங்கே பிரான்ஸ் வான் ஸ்கூட்டன் இவருடைய கணித ஆசிரியராக இருந்தார்.

சூதாட்டக் கணக்கு நூல்

1655 இல் ஹைகன்ஸ் பாரிஸ் சென்றார். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற சிக்கலை பாஸ்கலும் பெர்மாவும் முந்தைய ஆண்டில் தீர்த்திருந்தனர். ஹைகன்ஸ் அவ்விருவரையும் சந்திக்கவில்லை. சிக்கலை மட்டும் கேள்வியுற்று நாடு திரும்பிய அவர், தீர்வைத் தாமே கண்டறிந்தார். அவர் ஒல்லாந்த மொழியில் எழுதியதை வான் ஸ்கூட்டன் இலத்தீனில் பெயர்த்துத் தம் நூலின் பின்னிணைப்பாக வெளியிட்டார். மூல வடிவம் 1660 இல் வெளிவந்தது.

இந்நூலில் 14 முற்கோள்களும், வாசகருக்கு விடப்பட்ட 5 புதிர்களும் உள்ளன. இரு தொகைகளுள் ஒன்று சம வாய்ப்புடன் கிடைக்குமெனில், அந்த வாய்ப்பின் மதிப்பு அவ்விரண்டின் சராசரியாகும் என்பது முதல் முற்கோள். இதன்படி, வெற்றிக்கு ஓர் ஆட்டம் மட்டுமே தேவைப்படுபவரும் இரண்டு ஆட்டங்கள் தேவைப்படுபவரும் இடையில் நிறுத்தினால், முன்னவருக்குப் பந்தயப் பணத்தில் நான்கில் மூன்று பங்கு சேரும். இதுவரை யார் எத்தனை ஆட்டங்கள் வென்றார் என்பது கணக்கில் வராது. இன்னும் எத்தனை வெல்ல வேண்டும் என்பதே கணக்கு.

போக்கர் ஆட்டத்தில் பயன்பாடு

நடுவில் 300 ரூபாய் சேர்ந்திருக்க, எதிராளி மேலும் 100 ரூபாய் வைக்கிறார் எனக் கொள்க. ஆட்டத்தைத் தொடர 100 ரூபாய் இட வேண்டும். இட்டபின் மொத்தம் 500 ரூபாய் ஆகும். எனவே வெல்லும் வாய்ப்பு குறைந்தது 20 விழுக்காடு இருந்தால்தான் தொடர்வது நட்டமின்றி அமையும். ஆட்டக்காரர் வெல்ல இறுதிச் சீட்டு ஆர்ட்டினாக வர வேண்டும் என்றும், கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் 9 ஆர்ட்டின் உள்ளன என்றும் கொண்டால், வாய்ப்பு சுமார் 19.6 விழுக்காடு. 500 ரூபாயில் அவர் பங்கின் மதிப்பு ஏறத்தாழ 98 ரூபாயே; ஆகவே 100 ரூபாய் இடுவது சிறிது நட்டம். நடுவில் முதலில் 400 ரூபாய் இருந்திருந்தால் அதே சீட்டின் மதிப்பு சுமார் 117 ரூபாயாகி, தொடர்வது சரியாகும். சீட்டு மாறவில்லை, விலை மட்டுமே மாறியது.

ஐந்தாவது புதிர்

நூலின் கடைசிப் புதிர் ஆட்டக்காரரின் அழிவு பற்றியது. இருவரிடமும் 12 நாணயங்கள் உள்ளன. மூன்று பகடைகளை உருட்டி 14 விழுந்தால் ஒருவருக்கும், 11 விழுந்தால் மற்றவருக்கும் ஒரு நாணயம் சேரும். 14 விழ 15 வழிகளும் 11 விழ 27 வழிகளும் உள்ளமையால், ஒவ்வொரு முறையும் வாய்ப்பு 5க்கு 9 ஆகும். ஆனால் ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆடினால், விகிதம் ஏறத்தாழ 1க்கு 1157 ஆகிவிடுகிறது. சிறிய பாதகமும் நீண்ட ஆட்டத்தில் முழு அழிவில் முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஆயுட்காலக் கணக்கு

1669 இல் ஹைகன்ஸ் தம் தம்பி லொடெவிக்குடன் ஜான் கிராண்டின் இலண்டன் இறப்புப் பட்டியல் பற்றிக் கடிதம் வழி விவாதித்தார். அப்பட்டியலின்படி பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 18 ஆண்டுகள். ஆனால் பாதிக் குழந்தைகள் ஏறத்தாழ 11 வயதுக்குள் இறந்தனர். இவ்விரண்டும் வெவ்வேறு அளவைகள் என்பதை ஹைகன்ஸ் தெளிவுபடுத்தினார்.

பழவேற்காட்டுடன் தொடர்பு

ஹைகன்ஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியில், திருப்பாலைவனத்துக்கு அருகிலுள்ள பழவேற்காடே ஒல்லாந்தரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இருந்தது. அங்கு 1613 இல் கெல்டிரியா கோட்டை கட்டப்பட்டது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இவ்வணிகத்தை நடத்திய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில், கடலில் நெட்டாங்கு அறிவதற்கான ஹைகன்சின் கடிகாரங்கள் 1686 இல் நன்னம்பிக்கை முனைக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன. 1665 இல் அவருடன் சூதாட்டக் கணக்குகள் குறித்துக் கடிதம் எழுதிய யோகான் ஹுடே, பின்னாளில் இக்கம்பனியின் இயக்குநர்களுள் ஒருவரானார்.

பிற்காலம்

1666 முதல் ஹைகன்ஸ் பாரிஸ் அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். உடல்நலக் குறைவால் 1681 இல் தாயகம் திரும்பினார். 1690 இல் ஒளி பற்றிய நூலை வெளியிட்டார். இறுதிவரை திருமணம் செய்யாத அவர், 1695 இல் டென் ஹாக்கில் காலமானார்.

யாக்கோப் பெர்னூலி, 1713 இல் வெளியான தம் நிகழ்தகவு நூலின் முதற்பகுதியாக ஹைகன்சின் நூலை விளக்கவுரையுடன் சேர்த்தார். 2005 சனவரி 14 அன்று டைட்டனில் தரையிறங்கிய விண்கலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டிருந்தது.