தோட்டத்துக் குடிசையில் அம்மை குத்திய டாக்டர்

1802-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, நம் பம்பாயில் ஆனா டஸ்டால் என்ற 3 வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் பலித்த முதல் அம்மை குத்தல் அதுதான். அவள் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து வேறு குழந்தைகளுக்கு வைத்தார்கள். இப்படிக் கைக்குக் கை மாறி மற்ற ஊர்களுக்கும் போயிற்று. இந்த முறையை உலகுக்குத் தந்தவர் எட்வர்டு ஜென்னர்.

இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூரில் 1749 மே 17-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பாதிரியார். 5 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். 8 வயதில் அவருக்குப் பெரியம்மைச் சீழையே குத்தினார்கள். அக்கால வழக்கம் அது. பட்டினி போட்டு, ரத்தம் எடுத்து, லாயத்தில் அடைத்து வைத்தார்களாம். பிள்ளை என்ன பாடுபட்டிருக்கும்!

லண்டனில் ஜான் ஹண்டரிடம் படித்துவிட்டு, சொந்த ஊருக்கே வைத்தியராகத் திரும்பினார். மாட்டம்மை கண்டவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது அங்கே பால் கறப்பவர்களின் பேச்சு. ஜென்னர் அதைக் காதில் வாங்கிக் கொண்டார். 1796 மே 14-ந் தேதி, பால்காரப் பெண் சாரா நெல்ம்சின் கைக் கொப்புளத்து நீரை, தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுப் பையனுக்கு வைத்தார். ஜூலையில் பெரியம்மைச் சீழைக் குத்திப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. வந்திருந்தால்? இன்று எந்த டாக்டரும் அப்படிச் செய்ய முடியாது.

ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1798-ல் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். குத்திக் கொண்டவர் உடம்பில் மாடு முளைப்பதாகக் கேலிப்படம் வந்தது. 2018-ல் மராட்டியப் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது எங்கள் பகுதியில் சில தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக் கொண்டார்கள். பயம் மட்டும் மாறவில்லை.

ஜென்னர் முறையை மறைத்துக் காசு பார்த்திருக்கலாம். அவரோ தம் தோட்டத்துக் கூரைக் குடிசையில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார். மருந்து கண்டதைவிட இதுவே பெரிய காரியம் என்பேன். பள்ளிக்கூடத்திலும் வார்டு மருந்தகத்திலும் காசு வாங்காமல் ஊசி போடுகிறார்களே, அதற்கு முன்னோடி அந்தக் குடிசைதான்.

இந்தக் காரியத்தில் அவருடைய வைத்தியத் தொழில் படுத்துவிட்டது. பாராளுமன்றம் 1802-ல் 10 ஆயிரம் பவுனும், 1807-ல் 20 ஆயிரம் பவுனும் கொடுத்தது. 1823 ஜனவரி 26-ந் தேதி காலமானார். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவித்தார்கள்.

ஜேம்ஸ் பிப்ஸ் வளர்ந்து, மணமுடித்து, குழந்தைகள் பெற்றார். அவர் வாடகையின்றிக் குடியிருக்க ஜென்னர் பெர்க்லியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்.