கடலிடம் தோற்ற இன்ஜினியர்

வானிலை நிலையத்துக்குப் போனவர்கள் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நாலு கால், பக்கமெல்லாம் சாய்வுப் பலகை, உள்ளே தெர்மாமீட்டர். முதல் வருஷம் நான் அதைப் புறாக்கூண்டு என்றே நினைத்தேன்! அதற்குப் பெயர் ஸ்டீவன்சன் ஸ்கிரீன். யாருப்பா இந்த ஸ்டீவன்சன் என்று நூலகத்தில் தேடப் போனேன். சிவில் மாணவனான எனக்கு அங்கே கிடைத்தது, கடல் கொண்டுபோன ஒரு கல் சுவரின் கதை.

தாமஸ் ஸ்டீவன்சன் 1818-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா ராபர்ட், பெல் ராக் கலங்கரை விளக்கம் கட்டியவர். அண்ணன்கள் ஆலன், டேவிட் இருவரும் இன்ஜினியர்கள். நம்மாளும் அதே தொழிலுக்கு வந்துவிட்டார். ஆனால் ஒரு விஷயம்... அவருக்குக் கணக்கு அவ்வளவாக வராது! கஷ்டமான கணக்கு வந்தால் பேராசிரியர் நண்பர்களிடம் தள்ளிவிடுவார். (மேத்ஸ் அரியர் வைத்திருப்போர் கவனிக்க.)

கணக்கு வராதே தவிர, கண் நன்றாகவே வேலை செய்தது. மணிக்கணக்கில் கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அலை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அளக்க, ஒரு தட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து ஒரு கருவியே செய்தார். 1845 மார்ச்சில் ஸ்கெரிவோர் பாறையில் அது காட்டிய அளவு சதுர அடிக்கு 6083 பவுண்டு. அதாவது இரண்டே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு! காற்று எத்தனை மைல் திறந்த கடலைக் கடந்து வருகிறதோ, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால் அலையின் உயரம் அடியில் வரும் என்றும் ஒரு சூத்திரம் சொன்னார். 100 மைல் என்றால் 15 அடி. தன் கண்டுபிடிப்பு எதற்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை.

இனி விக் ஊருக்கு வருவோம். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஹெர்ரிங் மீனுக்குப் பேர்போன துறை. ஹெர்ரிங் என்பது நம்ம சாளைக்குச் சொந்தக்கார மீன்தான். 1848 ஆகஸ்டில் திடீரென்று புயல். திரும்பி ஓடிவந்த படகுகள் துறைமுகத்துக்குள் நுழைய அங்கே போதிய தண்ணீர் இல்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தன. அந்தக் கிழக்குக் கரையில் மட்டும் சுமார் 100 மீனவர்கள் செத்துப் போனார்கள். குடும்பத்தார் கரையில் நிற்க, கைக்கெட்டும் தூரத்தில்!

அந்த விரிகுடாவுக்கு ஒரு அலைதடுப்புச் சுவர் வேண்டும் என்று 1863-ல் ஸ்டீவன்சன் சகோதரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அடியில் கல் கொட்டி மேடு, அதன்மேல் கட்டுக்கல் சுவர். தாமஸின் மகனும் 1868-ல் அங்கே பயிற்சிக்கு வந்தான். முக்குளிப்பு உடை மாட்டிக் கடலடியில் இறங்கியும் பார்த்தான். ஆனால் பையனுக்கு மனசு இதில் இல்லை. 1871-ல் அப்பாவிடம் சொல்லியேவிட்டான். அப்பாவுக்கு வருத்தம், ஆனாலும் சட்டமாவது படி என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருஷமே பெரிய அடி. சுவர் முனையைக் காக்க, 80 முதல் 100 டன் எடையுள்ள மூன்று கற்களை அடியில் வைத்து, மேலே 800 டன்னுக்கும் அதிகமான கான்கிரீட்டை ஒரே கட்டியாக வார்த்து, இரண்டையும் மூன்றரை அங்குல இரும்புக் கம்பிகளால் பிணைத்திருந்தார்கள். 1872 டிசம்பர் புயலில் அலை அடிக்க அடிக்க அது மெல்லத் திரும்பியதைப் பொறுப்பு இன்ஜினியர் பாறை மேல் நின்று கண்ணால் பார்த்தார். கம்பி அறுந்ததா? இல்லையே! அடிக்கற்களோடு சேர்ந்து 1350 டன்னும் உடையாமல் துறைமுகத்துக்கு உள்பக்கம் போய் விழுந்தது. சரி, இன்னும் கனமாக வைப்போம் என்று 2600 டன்னில் வைத்தார்கள். 1877-ல் அதையும் கடல் எடுத்துக்கொண்டது. வேலை கைவிடப்பட்டது.

எனக்கு இவரைப் பிடித்துப்போனது இங்கேதான். தோற்றதை அவர் மூடி மறைக்கவில்லை. எத்தனை டன், எப்படி நகர்ந்தது என்று அளவோடு தானே எழுதி வைத்தார். இன்றும் துறைமுகப் பொறியியலில் அதைச் சொல்கிறார்கள்.

இன்ஜினியராகாத அந்தப் பையன்தான் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். அவன் 1883-ல் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலைப் புத்தகமாக வெளியிட்டான். அதில் கிழட்டு மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் அப்பா தாமஸ்! 1887-ல் அவர் எடின்பரோவிலேயே காலமானார்.

போன மாதம் அந்த வெள்ளைப் பெட்டியை மறுபடி பார்த்தேன். உள்ளே 34 டிகிரி காட்டியது.