சிரிப்பால் சீர்திருத்திய கவிமணி

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை என்றதும் குழந்தைப் பாடல்களே பலர் நினைவுக்கு வரும். மென்மையான அப்பாடல்களைத் தந்தவரே, தம் நாட்டின் அநீதியான வழக்கமொன்றை நகைப்புக்கு உள்ளாக்கிய அங்கத நூலையும் படைத்தார்.

கவிமணி, நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876ஆம் ஆண்டு சூலை 27 அன்று சிவதாணுப் பிள்ளை, ஆதிலட்சுமி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால் பள்ளியில் மலையாளம் பயின்றார். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றுத் தேர்ந்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலுமாக 36 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றினார். காந்தளூர்ச்சாலை பற்றிய அவரது ஆய்வு, அவருடைய கல்வெட்டுப் புலமைக்குச் சான்றாகும்.

அக்காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி முறை நிலவியது. ஒருவரது சொத்து, அவர் பெற்ற மக்களுக்குச் சேராமல் உடன்பிறந்தாளின் மக்களுக்கே சென்றது. கணவனை இழந்த பெண்ணும் அவள் பிள்ளைகளும் வாழ்ந்த வீட்டிலேயே உரிமையற்றவராயினர். வழக்குகள் பெருகிக் குடும்பங்கள் நலிந்தன.

இக்கொடுமையைக் கண்டு வருந்திய கவிமணி, அறிவுரை கூறாமல் சிரிக்க வைத்தார். திருத்தலப் பெருமை பேசும் நூலுக்குரிய மான்மியம் என்னும் பெயரை இவ்வழக்கத்துக்குச் சூட்டியதே முதல் எள்ளலாகும். அவரது ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917, 1918ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது. காப்பியம்போல் படலங்களாக அமைந்த அந்நூலில் மாமியின் அதிகாரம் ஓர் அரசியலாகிறது; நீதிமன்றம் ஏறிக் குடிகெட்ட கதை தனிப் படலமாகிறது. கதையைச் சொல்பவள், அம்முறையால் வாழ்விழந்த ஒரு பெண். வட்டார வழக்கும் பழமொழியும் கலந்த அவள் பேச்சில் நகைப்பும் அழுகையும் இணைந்தே ஒலிக்கின்றன. படித்தோர் சிரித்தனர், சிரித்தபின் தம் வீட்டு நிலையை எண்ணினர்.

சீர்திருத்தம் வேண்டிய குரல்கள் வலுத்த காலம் அது. 1926இல் இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம், மனைவி மக்களின் சொத்துரிமைக்கு வழிவகுத்தது. அம்மாற்றத்துக்கு மக்கள் மனத்தைப் பண்படுத்தியதில் மான்மியத்துக்கும் பங்குண்டு.

1931இல் ஓய்வுபெற்றுப் புத்தேரியில் வாழ்ந்த கவிமணி, மலரும் மாலையும், ஆசிய ஜோதி, உமர்கய்யாம் பாடல்கள் முதலியவற்றையும் வழங்கினார். 1940இல் சென்னையில் கவிமணி என்னும் பட்டம் பெற்றார். 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று மறைந்தார்.

வலியோரை எள்ளி, எளியோர் துயரை உணரச் செய்வதே சிறந்த அங்கதம். அதற்கு நிலையான சான்றாக மான்மியம் விளங்குகிறது.