ஸ்ரீ அன்னை (மிரா அல்ஃபாசா)

மிரா அல்ஃபாசா (பெப்ரவரி 21, 1878 - நவம்பர் 17, 1973) புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தை வழிநடத்திய ஆன்மிகத் தலைவர் ஆவார். அன்பர்களால் ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்படுகிறார். 1968 ஆம் ஆண்டில் ஆரோவில் நகரை நிறுவினார். நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் கண்டு பெயரிட்டதன் மூலம், எளிய பூக்களை வழிபாட்டிலும் வீட்டிலும் அடுக்கி வைக்கும் பழக்கத்திற்குப் புதிய பொருள் தந்தவர்.

பிறப்பும் இளமையும்

மிரா பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை மொரிஸ் அல்ஃபாசா துருக்கியைச் சேர்ந்த வங்கியாளர். தாய் மத்தில்ட் இஸ்மாலூன் எகிப்தைச் சேர்ந்தவர். மிரா இளமையிலேயே ஓவியத்தில் நாட்டம் கொண்டு, பாரிசில் இருந்த ஜூலியான் கலைக்கூடத்தில் பயின்றார். 1897 ஆம் ஆண்டில் ஓவியர் ஆன்றி மொரிசே என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டில் இவர்களுக்கு ஆந்த்ரே என்னும் மகன் பிறந்தான். இத்திருமணம் 1908 இல் முறிந்தது.

1906, 1907 ஆகிய ஆண்டுகளில் அல்ஜீரியாவின் தலெம்சன் நகருக்குச் சென்று மாக்ஸ் தியோன் என்பவரிடம் மறைஞானப் பயிற்சி பெற்றார். 1911 இல் பால் ரிஷார் என்பவரை மணந்தார்.

புதுச்சேரி வருகை

1914 மார்ச் 29 அன்று புதுச்சேரியில் அரவிந்தரை முதன்முறையாகச் சந்தித்தார். அரவிந்தரின் ஆர்யா என்னும் இதழ் அவ்வாண்டு ஆகஸ்ட் 15 இல் வெளிவரத் தொடங்கியது. முதல் உலகப் போர் காரணமாக மிரா 1915 இல் பிரான்சு திரும்பினார். 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தார். மலர்களை அடுக்குவதையே தனிக் கலையாக வளர்த்த நாடு அது. கட்டடமும் மரமும் நிலமும் ஒன்றோடொன்று இயைந்திருக்கும்படி ஜப்பானியர் அமைக்கும் முறையைப் பிற்காலத்தில் தம் உரைகளில் பாராட்டினார்.

1920 ஏப்ரல் 24 அன்று மீண்டும் புதுச்சேரி வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1926 நவம்பர் 24 இற்குப் பின் அரவிந்தர் தனிமையில் யோகத்தில் ஈடுபட்டதால், சாதகர்களின் பொறுப்பு முழுவதும் மிராவிடம் வந்தது. அரவிந்தர் ஆசிரமம் இவ்வாறே உருப்பெற்றது. 1943 டிசம்பர் 2 இல் ஆசிரமப் பள்ளி தொடங்கப்பட்டது. 1950 டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தபின், அவரது பணிகளை அன்னை தொடர்ந்தார்.

மலர்களும் பொருள்களும்

ஆசிரமத்தின் தொடக்கக் காலம் முதல், தம்மை வணங்க வந்த சாதகர்களுக்கு அன்னை மலர்களை வழங்கி வந்தார். ஒவ்வொரு மலரும் ஒரு பண்பையோ ஆன்மிக நிலையையோ உணர்த்துவதாக அவர் கருதினார். எந்தச் சாதகருக்கு எந்த மலர் என்பது அவருக்குரிய செய்தியாக அமைந்தது. இவ்வாறு அவர் பெயரிட்ட மலர்கள் ஏறத்தாழ 900 ஆகும்.

அவற்றுள் சில:
* துளசி - பக்தி
* மல்லிகை - தூய்மை
* பவழமல்லி - ஆன்மிக ஆர்வம்
* நித்தியகல்யாணி - முன்னேற்றம்
* நாகலிங்கம் - செல்வ வளம்
* காகிதப்பூ - பாதுகாப்பு
* மரமல்லி - திருவுருமாற்றம்
* இயல்வாகை - சேவை
* கொன்றை - கற்பனை

ஈழத்தலரியின் ஐந்து இதழ்களும் ஐந்து உளப்பண்புகளைக் குறிப்பதாக விளக்கினார். ஆனால் அவ்வைந்து எவை என்பதை எல்லா வேளைகளிலும் ஒரே மாதிரியாக அவர் கூறவில்லை. கேட்பவரின் தேவைக்கேற்ப மாற்றிக் கூறினார். எனவே இப்பெயர்களை மாறாத அகராதியாகக் கொள்வதைவிட, மனத்தை ஒருமுகப்படுத்தும் துணையாகக் கொள்வதே பொருத்தம்.

இப்பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை விலை உயர்ந்த பூக்கள் அல்ல. நித்தியகல்யாணி தரிசு மண்ணிலும் தானே வளரும். காகிதப்பூ வேலியில் படரும். பவழமல்லி விடியலில் தானாகவே உதிரும். ஆகவே செலவின்றிச் சில நிமிடங்களில் வீட்டில் மலரடுக்கு அமைக்க இவை ஏற்றவை. தமிழ்நாட்டில் அன்னையின் அன்பர்கள் இல்லங்களில், படத்தின் முன் ஒரு தட்டிலோ நீர் நிரப்பிய கிண்ணத்திலோ இப்பூக்களை அடுக்கி வைக்கும் வழக்கம் உள்ளது. காம்பில்லாப் பூக்கள் நீரில் மிதக்கும். காம்புள்ளவற்றைச் சாய்வாக வெட்டி வைத்தால் நீரை நன்கு உறிஞ்சும். செம்பருத்தி நீரில்லாமலும் அன்று மாலை வரை வாடாது என்பதால் தட்டின் நடுவில் வைக்க உகந்தது. பல வகைச் செம்பருத்திகளுக்கு அன்னை தனித்தனிப் பெயர்களை இட்டுள்ளார்.

ஆரோவில்

மனித ஒற்றுமைக்கான நகரம் ஒன்றை அமைக்க அன்னை விரும்பினார். 1966 இல் யுனெஸ்கோ இத்திட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1968 பெப்ரவரி 28 அன்று நடந்த தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் தாமரை வடிவக் கலசம் ஒன்றில் இடப்பட்டன.

புதுச்சேரிக்கு வடக்கே, அனுமந்தை வழியாக மரக்காணம் உப்பளங்களை நோக்கிக் கடற்கரைச் சாலை செல்கிறது. ஆரோவில் அமைந்த மேட்டுநிலம் அச்சாலைக்கு மேற்கே உள்ளது. அக்காலத்தில் அது மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாக இருந்தது. ஆரோவில்வாசிகள் வரப்புகள் எழுப்பி மழைநீரைத் தேக்கி மரங்களை நட்டதால் அங்கு இன்று காடு உள்ளது. நகரின் மையமான மாத்ரிமந்திரைச் சுற்றி அமையவேண்டிய 12 தோட்டங்களுக்கும் அன்னையே பெயர் சூட்டினார். மாத்ரிமந்திருக்கு 1971 பெப்ரவரி 21 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானம் 2008 இல் நிறைவுற்றது.

எதிர்ப்புகளும் வழக்குகளும்

1965 பெப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலத்தில், ஆசிரமக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. அன்னையின் மறைவுக்குப் பின் ஆரோவில்லின் நிருவாகம் யாருக்கு உரியது என்பதில் அரவிந்தர் சங்கத்திற்கும் ஆரோவில்வாசிகளுக்கும் இடையே பிணக்கு எழுந்தது. 1980 இல் நடுவண் அரசு நிருவாகத்தை ஏற்றது. இதற்கான சட்டம் செல்லும் என்று 1982 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரவிந்தரின் போதனை ஒரு மதமாகாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. 1988 இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

மறைவு

1962 முதல் அன்னை பெரும்பாலும் தம் அறையிலேயே வாழ்ந்தார். 1973 நவம்பர் 17 அன்று தம் 95 ஆம் அகவையில் காலமானார். ஆசிரம முற்றத்தில், அரவிந்தரின் சமாதியிலேயே அவரது உடலும் அடக்கம் செய்யப்பட்டது. அதன்மேல் நிழல் பரப்பும் இயல்வாகை மரம், அவர் இட்ட பெயரால் சேவை மரம் எனப்படுகிறது. சமாதியின்மீது நாள்தோறும் புதிய மலர்கள் பல வடிவங்களில் அடுக்கப்படுகின்றன.