'காட் சேவ் தி கிங்' மெட்டில் அம்பாள் பாட்டு: முத்துஸ்வாமி தீட்சிதர் செய்தது என்ன?

மார்கழி சீசனில் ஆழ்வார்பேட்டை நாரத கான சபா பக்கம் போனால், வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைப் பார்ப்பதே அபூர்வம். ஆனா அது ஐரோப்பாவில் இருந்து வந்த கருவி. அது நம்ம மேடைக்கு வந்த கதையில் ஒரு குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம்தான் அது.

கோட்டையில் கேட்ட இசை

1775-ல் திருவாரூரில் பிறந்தவர் தீட்சிதர். அப்பா ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவராக அறியப்படுபவர். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியின் முதலியார் குடும்பம் ஆதரவு தர, தீட்சிதர் குடும்பம் அங்கே குடியேறியது. கிழக்கிந்திய கம்பெனியோடு பழக்கம் உள்ள குடும்பம் அது. அந்தத் தொடர்பில்தான் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசை சகோதரர்களின் காதில் விழுந்தது.

தம்பி பாலுஸ்வாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் கர்நாடக இசையை வாசித்தார். அண்ணனைப் பிடித்துக்கொண்டது அந்த மெட்டுகள்.

அது என்ன மாதிரி மெட்டு?

சுமார் 1600 முதல் 1750 வரை ஐரோப்பிய இசையில் பரோக் காலம். பாக், விவால்டி, ஹேண்டல் எல்லாம் அப்போது வாழ்ந்தவர்கள். அன்றைய ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வகைக் கருவிகளுக்கே முதலிடம். நடன மெட்டுகளை வரிசையாகத் தொடுத்து வாசிப்பது முக்கியமான ஒரு வடிவம். தாளம் சீராக ஓடும், வரிகள் அளந்து வெட்டினாற்போல் முடியும்.

1744-ல் அச்சில் வந்த 'காட் சேவ் தி கிங்', அந்தக் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. கேலியர்ட் என்ற பழைய நடனத்தின் மூன்று எண்ணிக்கை நடை அதில் இருக்கு. அதே மெட்டுக்கு தீட்சிதர் எழுதியதுதான் 'ஸந்ததம் பாஹிமாம்'. ராஜா இருந்த இடத்தில் அம்பாள் வந்துவிட்டாள்! 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று குழந்தைகள் பாடும் மெட்டில் 'சியாமளே மீனாட்சி' எழுதினார்.

நோட்டுஸ்வரம் என்றால்?

இப்படி உருவான சுமார் 40 பாடல்களை நோட்டுஸ்வர சாகித்தியம் என்கிறார்கள். எல்லாமே சங்கராபரணம். மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதே ஸ்வரங்கள்தான் என்பதால் மெட்டு அப்படியே பொருந்தியது. வழக்கமான பல்லவி, அனுபல்லவி, சரணம் அமைப்பு கிடையாது. ஸ்வரங்கள் கமகம் இல்லாமல் நேராக நிற்கும்.

அப்போ இது கர்நாடக சங்கீதமா?

ஸ்வரத்தை அசைக்காமல் பாடினால் ராகம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் தீட்சிதரின் மற்ற பாடல்களில் இருக்கு. கமலாம்பா நவாவரணம், நவகிரகக் கீர்த்தனைகள் போன்றவை நிதானமான நடையில், கமகம் தோய்ந்து வருபவை. பேண்டு மெட்டின் சாயலை அவற்றில் தேடினாலும் கிடைக்காது. மேற்கத்திய மெட்டை ரசித்தார், அதன் குணத்தை மாற்றாமல் தனியாக வைத்தார். தன் ராகத்தை அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை.

1835-ல் எட்டயபுரத்தில் தீட்சிதர் காலமானார். அங்கே அரசவைக் கலைஞராக இருந்த பாலுஸ்வாமி 1859 வரை வாழ்ந்தார். தீட்சிதரின் சீடரான தஞ்சை வடிவேலு, வயலினைத் திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டுபோனார்.

நோட்டுஸ்வரங்கள் இன்றும் குழந்தைகளின் பாட்டு வகுப்பில் ஒலிக்கின்றன. 'சியாமளே மீனாட்சி'யையும் ஒரு நவாவரணக் கீர்த்தனையையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. இரண்டும் ஒருவர் எழுதியது என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.