மர்ஹூம் அஷ்ரப் எதற்கு முதலிடம் கொடுத்தார்?

செப்டெம்பர் மாதம் வந்துவிட்டால் கல்முனை முதல் பொத்துவில் வரை மதில்களில் அந்த முகம் மீண்டும் தோன்றும். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் படம் ஒரு பக்கம் இருக்கும். அதைவிடப் பெரிதாக, போஸ்டர் அடித்த அரசியல்வாதியின் படம் மறு பக்கம் இருக்கும். தேர்தல் நெருங்கினால் செப்டெம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுமில்லை.

சென்ற தவணையில் பதினோராம் தர வகுப்பில், இவர் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கட்சித் தலைவர், ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானவர் என்ற இரண்டு தகவல்களும் உடனே வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், அவர் என்னதான் செய்தார் சேர் என்று திருப்பிக் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவளுக்கு அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அவருடைய கட்சிக்காரன் அல்லன். அவருடைய காலத்தில் இந்தக் கரையில் வளர்ந்த ஓர் ஆசிரியன், அவ்வளவுதான்.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தவர் அஷ்ரப். வளர்ந்தது கல்முனையில். படித்தது தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த கல்முனை வெஸ்லியில். பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரிக்குச் சென்று சட்டத்தரணியாக ஊர் திரும்பினார். ஊரில் சட்டத்தரணி என்றால் காணி வழக்கும் நீதிமன்றமுமாக நல்ல வருமானத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம். அவர் அந்தப் பாதையில் நிற்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அவருடைய முதல் பெரிய தேர்தல் பிரசாரம் முஸ்லிம் தனிக் கட்சிக்கானது அல்ல. 1977 பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்துகொண்டது. இளம் அஷ்ரப் அந்த அணிக்காக மேடை ஏறினார். தமிழ் பேசும் இரண்டு சமூகங்களும் ஒன்றாகக் கோரிக்கை வைத்தால்தான் கொழும்பு செவிசாய்க்கும் என்பது அவருடைய அன்றைய கணக்கு. முஸ்லிம் வாக்காளர்கள் அதை ஏற்கவில்லை. கூட்டணியில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்கள் தோற்றார்கள்.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்றது, கூட்டுச் சேர்வதற்கு முன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதாக இருக்கலாம். 1981 செப்டெம்பர் 21ஆம் திகதி காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆரம்பிக்கப்பட்டது. அது உடனடியாக ஓர் அரசியல் கட்சியாக வளர்ந்துவிடவில்லை. 1985இல் கிழக்கில் தமிழ், முஸ்லிம் கலவரம் மூண்டது. அதன் பிறகு அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்பில் குடியேற நேர்ந்தது. 1986இல் கொழும்பில் கூடிய மாநாட்டில்தான் முஸ்லிம் காங்கிரஸ் தேசிய அரசியல் கட்சியாகத் தன்னை அறிவித்தது.

1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தது. இந்திய அமைதிப்படை இங்கே நிலைகொண்டிருந்த காலம் அது. போட்டியிடுவதே உயிராபத்து. மரச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்று அந்தச் சபையின் பிரதான எதிர்க்கட்சியானது.

அடுத்த மாதமே ஜனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் பிரேமதாசவுக்கு முஸ்லிம் வாக்குகள் தேவைப்பட்டன. அஷ்ரப் பதிலுக்கு அமைச்சர் பதவி எதையும் கேட்கவில்லை. அரசியலமைப்பில் ஓர் இலக்கத்தை மாற்றித் தரும்படி கேட்டார். அன்றைய விதிப்படி, ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அங்கே ஆசனமே கிடையாது. அதாவது 12.5 சதவீதம். நூறு பேர் வாக்களிக்கும் இடத்தில் பன்னிரண்டு பேர் உங்களுக்கு வாக்களித்தாலும் அந்தப் பன்னிரண்டும் வீண். இந்த வெட்டுப்புள்ளியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்பதே அவர் முன்வைத்த நிபந்தனை. 15ஆவது திருத்தம் 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலின் தறுவாயில் நிறைவேறியது.

என் பார்வையில் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது இதுதான். இதற்குத் திறப்பு விழாவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆனால் முஸ்லிம்கள் மட்டுமல்ல, மலையகக் கட்சிகளும் மக்கள் விடுதலை முன்னணியும் பின்னாளில் பாராளுமன்றத்தில் இடம்பிடிக்க இந்தக் கதவு உதவியது. தன் சமூகத்துக்காகக் கேட்டது நாட்டிலுள்ள எல்லாச் சிறிய கட்சிகளுக்கும் கிடைத்தது.

1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் கட்சிக்கு 4 ஆசனங்கள் கிடைத்தன. திகாமடுல்லை மாவட்டத்திலிருந்து அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே சமூகத்தின் மீது இடி விழுந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக விரட்டப்பட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். இஷாவுக்குப் பின் வாப்பாமார் பொல்லும் டோர்ச்சுமாகக் காவல் நின்ற இரவுகள் நினைவிருக்கின்றன. பழிவாங்கல் பேச்சுக்குக் கைதட்டல் எளிதாகக் கிடைத்த காலம் அது. இளைஞர்களை ஆயுதத்தின் பக்கம் திருப்பாமல் வாக்குப்பெட்டியின் பக்கம் நிறுத்தி வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1994இல் நடந்த ஒன்றை என் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். உள்ளூராட்சித் தேர்தல் பிரசாரத்தில், தன் கட்சி ஒரு சபையை இழந்தாலும் பாராளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறப்பதாக மக்களுக்கு வாக்குக் கொடுத்தார். ஒரு சபை கைநழுவியது. சொன்னபடியே பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் பொதுத் தேர்தல் நடந்தது. மக்கள் அவரை மீண்டும் அனுப்பினார்கள். முஸ்லிம் காங்கிரஸுக்கு 7 ஆசனங்கள். சந்திரிகாவின் பொதுஜன முன்னணிக்கு 105. ஆட்சியமைக்க 113 தேவை. கூட்டிப் பார்த்தால் அந்த 7இன் பெறுமதி விளங்கும்.

அந்தப் பெறுமதிக்குக் கிடைத்ததுதான் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சு. யுத்த காலத்தில் துறைமுகம் என்பது நாட்டின் தொண்டைக்குழி. அரிசியும் எரிபொருளும் வந்திறங்கும் வழி அது. பக்கத்து நாடுகளுக்குப் போகும் கொள்கலன்களைக் கப்பல் மாற்றி அனுப்பும் தொழிலில் கொழும்பு பின்தங்கினால் வேறொரு துறைமுகம் அந்த வருமானத்தை எடுத்துக்கொள்ளும். அரசிடமோ முதலிடப் பணமில்லை. 1999இல் கொழும்பின் எலிசபெத் மகாராணி இறங்குதுறை 30 ஆண்டு உடன்படிக்கையில் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தின் முதல் தனியார் கொள்கலன் முனையம் அது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அரச சொத்தைத் தாரைவார்க்கிறார் என்ற பழி அமைச்சர் மீது விழுந்தது. அந்த முனையத்தில் இன்றும் கப்பல்கள் வந்து போகின்றன. அன்றைய முடிவு சரியா என்று பொருளியல் ஆசிரியர்கள் விவாதிக்கட்டும். பழி வரும் என்று தெரிந்தே முடிவெடுத்தார் என்பதைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்களில் துறைமுக அமைச்சர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தொழில்வாய்ப்புத்தான். அதுவரை அரச தொழில் என்றால் எங்களுக்கு ஆசிரியர் தொழில் மட்டும்தான். வயலும் கடலும் கடையும் பார்த்த வீடுகளிலிருந்து இளைஞர்கள் துறைமுக அதிகார சபைக்குப் போனார்கள். என் சாச்சாவும் அப்படிப் போனவர். அவருடைய சம்பளத்தில் இரண்டு குமர்கள் கரை சேர்ந்தார்கள். அதேவேளை, கட்சி பார்த்துத் தொழில் கொடுக்கப்பட்டது என்ற விமர்சனமும் அன்றே எழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலுக்காக அரசியல்வாதியின் வாசலில் பயோடேட்டாவோடு நிற்கும் பழக்கம் எங்கள் இளைஞர்களிடம் இன்னும் போகவில்லை. அதன் வேர்களில் ஒன்று அந்தக் காலத்திலும் இருக்கிறது.

ஆனால் தொழிலை விடவும் மேலாக அவர் வைத்தது கல்வியை. யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாமல் திண்டாடினார்கள். 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. இடம், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகம். முதல் தொகுதி மாணவர்கள் வெறும் 33 பேர். 1996 மே மாதத்தில் அது முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. பின்னாளில் அட்டாளைச்சேனையில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, பல்கலைக்கழகம் இங்கேதான் தொடங்கியது என்று விரிவுரையாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். இரவல் கட்டடத்தில், கொஞ்சம் கதிரை மேசையோடு தொடங்கியிருக்கிறார்கள். எல்லாம் தயாராகட்டும் என்று காத்திருந்தால் இன்றும் அது கோப்பில்தான் இருந்திருக்கும். இன்று அங்கே சிங்கள, தமிழ் மாணவர்களும் படிக்கிறார்கள். நான் கற்பித்த பிள்ளைகளில் சிலர் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் அந்த வாப்பாமாரில் பலர் அனுப்பியிருக்கமாட்டார்கள்.

ஒலுவில் துறைமுகம் அவருடைய இன்னொரு கனவு. அவருடைய காலத்தில் கலங்கரை விளக்கம் எழுந்தது. துறைமுகக் கட்டுமானம் தொடங்கியதோ அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 2008இல், டென்மார்க்கின் கடனுதவியோடு. 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. வர்த்தகக் கப்பல் எதிர்பார்த்தபடி வரவில்லை. எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்குப் பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயிலை அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் சாய்ந்தன. மீனவர்களின் வாடிகள் இடம்பெயர்ந்தன. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, கப்பல் எங்கே சேர் என்றுதான் கேட்டார்கள்.

இதற்கு மர்ஹூம் அஷ்ரப் பொறுப்பா? அவர் கட்டிய துறைமுகம் அல்ல அது. ஆனாலும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் அதைத் திறந்தார்கள். ஒரு தலைவரின் கனவை எடுத்துக்கொள்பவர்கள் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் கேட்க வேண்டும். கடலின் ஓட்டம் என்ன, கரைவலைக்காரர் என்ன சொல்கிறார், வடக்கேயுள்ள ஊருக்கு என்ன நடக்கும் என்றெல்லாம் கேட்டறிய வேண்டும். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் மணல்தான் மிஞ்சும்.

தென்கிழக்கு அலகு என்ற கோரிக்கையையும் அவர் முன்வைத்தார். சிங்களத் தேசியவாதிகள் அதைப் பிரிவினையாகப் பார்த்தார்கள். தீகவாபி விவகாரத்தில் கங்கொடவில சோம தேரரோடு தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார். அந்த விவாதத்தை எங்கள் வீட்டில் அயலவர்கள் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். எதிர்த்தவரிடமிருந்து ஓடாமல் அவருடைய மொழியிலேயே பேசியது எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது. 1999இல் தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கி, 2012ஆம் ஆண்டுக்குள் நாட்டில் சமாதானம் என்ற இலக்கோடு எல்லா இனத்தவரையும் அழைத்தார். தனிக் கட்சி தொடங்கியவர் கடைசியில் எல்லோருக்குமான கட்சியை நோக்கி நடந்தார். அதே ஆண்டில் தன் கவிதைகளை ‘நான் எனும் நீ’ என்ற பெருந்தொகுப்பாகவும் வெளியிட்டார்.

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பொதுத் தேர்தலுக்கு மூன்றரை வாரங்கள் இருந்தன. கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட ஹெலிகொப்டர், அரநாயக்க ஊரகந்த மலையில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 15 பேரும் பலியானார்கள். அவருக்கு 51 வயது. ஊரில் கடைகள் தாமாகவே மூடப்பட்டன. உம்மாமார் தெருவில் நின்று அழுததை அன்றுதான் பார்த்தேன். விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. ஆனால் அதன் அறிக்கை மக்கள் கைக்கு வராமலே ஆண்டுகள் பல கழிந்தன.

அவருக்குப் பின் கட்சி பல துண்டுகளானது. ஒவ்வொரு துண்டும் அவர் படத்தை வைத்திருக்கிறது. அவர் வைத்திருந்த ஒழுங்கை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? வாக்கைச் சேர்த்தார். அந்த வாக்கைக் கொண்டு முதலில் சட்டத்தை மாற்றினார், பிறகுதான் பதவி ஏற்றார். பதவியைக் கொண்டு நிறுவனத்தைக் கட்டினார். இன்று வாக்கு நேரே பதவிக்குப் போகிறது, பதவியிலிருந்து வீதி கொங்கிறீட்டுக்கும் பெயர்ப்பலகைக்கும் போகிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்தச் சட்டத்தை மாற்றுவீர்கள், உங்களுக்குப் பின்னும் நிற்கும் எதைக் கட்டுவீர்கள்? பின்வரிசை மாணவி இன்னும் இரண்டு வருடத்தில் வாக்காளர் ஆகிவிடுவாள். அவளாவது கேட்கட்டும்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, அன்னாருக்கும் அன்றைய தினம் உயிரிழந்த சகோதரர்களுக்கும் உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.