ஒட்டாத பசையும் வால்டோ செமோனும்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். விருதுநகர் மாவட்டத்துப் பையன் என்றால் பெருந்தலைவர் காமராசரைப் பற்றித்தான் எழுதுவான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் எனக்கு முன்னால் காமராசரைக் கொடுத்துவிட்டார்கள். விசுவேசுவரய்யாவை மெக்கானிக்கல் பிரிவு நண்பர் எடுத்துக்கொண்டார். சரி, நாம் நம்ம வயிற்றுப்பாட்டுக்குச் சம்பந்தப்பட்ட ஒருவரை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். அவர்தான் வால்டோ லான்ஸ்பரி செமோன். அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் எடிசனோடு சேர்த்து வைக்கப்பட்ட பெயர். நம் பக்கம் பெயர் பரிச்சயம் இல்லை என்றாலும் அவருடைய பொருள் தொடாமல் ஒரு நாள் கழியாது. ஒயர் உறை, மழைக்கோட்டு, பஸ் சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் அவர் கைபட்ட வினைல்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறார். சித்தப்பா தரை ஒட்டும் வேலை செய்கிறார். லீவு நாட்களில் அவரோடு நானும் போவேன். தரை என்றால் டைல்ஸ், மொசைக் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இப்போது ஆபீஸ்களிலும் கடைகளிலும் பலகை பலகையாக, மரம் மாதிரியே தோற்றம் தரும் விறைப்பான வினைல் தரை வந்துவிட்டது. ஒன்றோடு ஒன்று கொக்கி மாதிரி மாட்டி அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பசையே தேவையில்லை.

பசை என்றதும்தான் செமோன் கதை ஆரம்பிக்கிறது.

அவர் 1898 செப்டம்பர் 10ஆம் தேதி அலபாமா மாநிலத்தில் டெமோபோலிஸ் என்ற ஊரில் பிறந்தார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து முனைவர் பட்டமும் பெற்றார். 1926ல், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இருந்த பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் சேர்ந்தார். ஆக்ரன் என்றால் ரப்பர் ஊர். நமக்குச் சிவகாசி எப்படியோ, டயருக்கு ஆக்ரன் அப்படி.

அவருக்குக் கொடுத்த வேலை, ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை கண்டுபிடிப்பது. அமிலம் ஊற்றி வைக்கும் இரும்புத் தொட்டிக்கு உள்ளே ரப்பர் ஒட்டினால் இரும்பு அரிக்காது. ஆனால் ஒட்டிய ரப்பர் நிற்க வேண்டுமே! செமோன் பலதையும் போட்டுப் பார்த்தார். அதில் ஒன்று பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. அது புதிய சரக்கு அல்ல. 1872லேயே ஜெர்மனியில் பௌமன் என்பவர் சோதனைக் குழாயில் பார்த்தது. 1913ல் கிளாட்டே என்பவர் காப்புரிமை கூட வாங்கியிருந்தார். ஆனால் யாருக்கும் பயன்படவில்லை. விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும், சூடாக்கி உருக்கலாம் என்றால் அதற்குள் கெட்டுப்போகும்.

செமோன் அந்தத் தூளை, அதிக வெப்பத்தில் மட்டுமே கொதிக்கும் ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சினார். அதிலிருந்து குளோரினைக் கொஞ்சம் பிரித்து எடுத்துவிட்டால் ரப்பரோடு ஒட்டும் பொருள் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பிப் போனது. பாத்திரம் ஆறியதும் உள்ளே இருந்தது பசை இல்லை. ஜெல்லி மாதிரி, இழுத்தால் இழுபடும், விட்டால் பழைய உருவத்துக்கு வரும் ஒரு வஸ்து. இரும்பிலும் ஒட்டவில்லை, ரப்பரிலும் ஒட்டவில்லை.

நம்ம லேபாக இருந்தால் ரிசல்ட் வரவில்லை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதாமல், பக்கத்துப் பையனுடைய அளவைப் பார்த்து எழுதிவிடுவோம். (யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் எழுதியிருக்கிறேன்.) அவர் அந்த ஜெல்லியைத் தூக்கிப் போடவில்லை. அமிலத்தில் முக்கிப் பார்த்தார், தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அதில் செருப்புக் குதியும், கோல்ஃப் பந்தும் கூடச் செய்து பார்த்தார். பி.வி.சி.யின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே அந்தத் திரவம் புகுந்து, ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு நகரும்படி செய்திருந்தது. சப்பாத்தி மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் இளகுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு ஆர்வம் இல்லை. விற்க வழி தெரியாத பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குள் பொருளாதார மந்தமும் வந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்வார்கள். வீட்டில் அவர் மனைவி ரப்பர் பூசிய துணியில் குளியலறைத் திரை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் செமோனுக்குப் பொறி தட்டியது. துணியில் தன் வினைலைப் பூசினார். அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனார். மேஜையில் முக்கியமான காகிதங்கள் இருந்த தட்டின் மேல் அந்தத் துணியை விரித்து, ஜாடித் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டார்! அதிகாரிக்கு மூச்சு நின்றிருக்கும். துணியை எடுத்துப் பார்த்தால் காகிதம் காய்ந்தபடியே இருந்தது. 1933ல் காப்புரிமை கிடைத்தது. கோரோசீல் என்ற பெயரில் பொருள் சந்தைக்கு வந்தது.

செமோன் அத்தோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தது. மலேயா ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கையில் போனால் அமெரிக்காவில் டயர் இல்லை என்ற நிலை. அதற்கு முன்பே, 1940ல், அமெரிபோல் என்ற செயற்கை ரப்பரை அவருடைய குழு தயாரித்துவிட்டது. இந்த வேலைக்காக 1944ல் சார்லஸ் குட்இயர் பதக்கம் பெற்றார். ஊதினால் பெரிய பெரிய முட்டை விடும் பபுள்கம் ரப்பரும் அவர் செய்திருக்கிறார், கம்பெனிதான் அதைக் கண்டுகொள்ளவில்லை. மொத்தம் 116 அமெரிக்கக் காப்புரிமைகள். எனக்கு இதுவரை அரியர் மட்டும்தான் கணக்கில் இருக்கிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு மேட்டூரில் கெமிக்கல்ஸ் அண்ட் பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் 1967ல் பி.வி.சி. செய்ய ஆரம்பித்தது. அதாவது செமோன் வேலை பார்த்த கம்பெனியே காவிரிக் கரைக்கு வந்தது மாதிரி. பி.வி.சி.யின் எடையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். குளோரின் எதிலிருந்து? சாதாரண உப்பிலிருந்து. இன்று சித்தப்பா போடும் விறைப்பு வினைல் பலகையின் நடுப்பகுதியில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல் தூள். தூத்துக்குடியில் உப்பளம், பந்தல்குடியில் சுண்ணாம்புக் கல். நம்மைச் சுற்றிக் கிடக்கும் சரக்குதான், ஆனால் பலகை என்னவோ வெளியூரிலிருந்து பெட்டியில் வருகிறது. இது எனக்கு ஒரு குறை.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? விறைப்பான பொருளை இளக்கியதற்காகத்தான் செமோனுக்குப் பெயர். 2010களில் வந்த இந்தப் பலகையிலோ நடுப்பகுதியில் இளக்கும் திரவம் கிடையாது அல்லது மிகக் கொஞ்சம். மறுபடியும் விறைப்புக்கே போய்விட்டார்கள். கல் தூள் சேர்ந்ததால் மேடு பள்ளம் அவ்வளவு சீக்கிரம் மேலே தெரியாது, தண்ணீரில் ஊறாது. மேலே ஒரு கண்ணாடித் தாள் மாதிரி தேய்மானப் படலம் இருக்கும். வாங்கும்போது அதைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு 0.3 மி.மீ. போதும், ஆள் நடமாட்டம் உள்ள கடைக்கு 0.5 மி.மீ. வேண்டும். கடைக்காரர் பலகையின் மொத்தக் கனத்தை மட்டும் காட்டுவார், ஏமாறக் கூடாது.

போன வருஷம் தை மாதம் சிவகாசியில் ஒரு அச்சகத்தின் ஆபீஸ் அறைக்கு இந்தத் தரை போட்டோம். முப்பது அடி நீளம். சித்தப்பா என்னை நம்பி ஓரப் பலகை வெட்டும் வேலையைக் கொடுத்தார். சுவரிலிருந்து கால் அங்குலம் இடம் விடச் சொன்னார். எனக்கு அந்த இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தது. சுவரோடு சுவராக, மயிரிழை இல்லாமல் இறுக்கி வெட்டினேன். டிப்ளமோ படிக்கிறவன் வேலை சுத்தமாக இருக்கணும் என்ற நினைப்பு. ஓரத்தில் பட்டி அடித்து மூடியதால் சித்தப்பாவும் பார்க்கவில்லை. அதன் மேல் இரண்டு பெரிய பீரோக்களை எதிரெதிர் சுவரோரம் வைத்துவிட்டார்கள்.

சித்திரை அக்னி நட்சத்திரம் வந்தது. மேற்கு ஜன்னல் வெயில் பகல் மூன்று மணியிலிருந்து நேரே தரையில். பலகை விரிந்தது. போக இடமில்லை. நடு அறையில் கூடாரம் போட்ட மாதிரி ஒன்றரை அங்குலம் தூக்கிக்கொண்டது. பூட்டு வரிகள் உடைந்து போயின. முதலாளி கூலியில் மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த மாதம் என் பரீட்சை ஃபீஸ் அதிலிருந்துதான் கட்டுவதாக இருந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பட்டியைக் கழற்றி ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஃபீஸை வேறு யாரிடமோ வாங்கிக் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து இந்தப் பொருளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். செமோனைக் கண்டுபிடித்ததும் அப்போதுதான். உடைந்த பூட்டுப் பலகையை மேஜையில் வைத்துக்கொண்டு, ஒட்டாத பசையைப் பற்றிப் படித்தேன்.

பட்டாசு ஆலையில் இந்தத் தரை போடலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். கூடவே கூடாது. சாதாரண வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. நடக்க நடக்க நிலைமின்சாரம் உடம்பில் சேரும். அம்மா வேலை பார்க்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்க முடியாது. வெறுங்காலோடு, வாசலில் பூமியோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு. மணல் பரல் ஒன்று உராய்ந்தாலே போதும். ஆபரேஷன் தியேட்டரிலும் கம்ப்யூட்டர் அறையிலும் போடும் கடத்தும் வினைல் தனி ரகம். அதில் கரி கலந்து, அடியில் செம்புப் பட்டை ஓட்டி எர்த் கொடுப்பார்கள். ஆனால் வாணத்துக்கும் வினைலுக்கும் வேறொரு உறவு உண்டு. பச்சை, சிவப்பு, நீல நிறம் நன்றாக எடுக்கக் குளோரின் வேண்டும். அதற்காக வாண மருந்துகளில் பி.வி.சி. தூள் சேர்ப்பதுண்டு. செமோன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்!

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1974ல் அமெரிக்காவில் லூயிவில் நகரிலுள்ள குட்ரிச் ஆலையில் பி.வி.சி. கொப்பரைகளைச் சுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு அபூர்வமான ஈரல் புற்றுநோய் வந்திருப்பது தெரிந்தது. மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுதான் காரணம். அதுவரை காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அந்த ஆண்டே அதை 1 பங்காகக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். செமோன் 1963லேயே ஓய்வு பெற்றுவிட்டார். போட்டு முடித்த தரையில் அந்த வாயு பயம் இல்லை என்றாலும், அந்தக் கொப்பரைக்குள் இறங்கியவர்களை நினைக்கும்போது எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வருகிறது. வெள்ளி மருந்து ஒட்டி, எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் மின்னிக்கொண்டேயிருக்கும் கை.

ஓய்வுக்குப் பின் செமோன் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியராக இருந்தார். 1995ல் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 1999 மே 26ஆம் தேதி, நூறு வயது முடிந்து, காலமானார். நம்மில் யாரும் அப்போது பிறக்கவில்லை.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் கேட்கிறார்கள். மண்ணைக் கூட்டி எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பக்கெட்டோடு ஊற்றிக் கழுவக் கூடாது, ஆசிட் கூடாது. கார்த்திகை விளக்கைத் தட்டில்லாமல் நேரே வைத்தால் வட்டம் விழும், தீபாவளி மத்தாப்பூ பொறி பட்டால் பொத்தல். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியும் போடக் கூடாது, மஞ்சள் கறை ஏறிவிடும். ரப்பரோடு ஒட்டப் போய்ப் பிறந்த பொருளுக்கு ரப்பரே ஆகாமல் போனதைப் பாருங்கள்.

அச்சகத் தரையை ஆடி மாதம் நானும் சித்தப்பாவும் கூலியில்லாமல் மறுபடி போட்டோம். இந்தத் தடவை சுவரோரம் கால் அங்குல மர ஆப்பு வைத்து, நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது பலகை புதிதாக வாங்க வேண்டியிருந்தது. மீந்த பலகையைப் பார்த்துவிட்டு அம்மா நம்ம வீட்டுக்கும் போடலாமா என்று கேட்டார். எங்கள் அறை பத்துக்குப் பதினொன்று, பழைய சிமெண்டுத் தரை. ஒரு முழப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் மாலை பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஐப்பசி மழை கழிந்து, தை பிறந்ததும் இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்க வேண்டும்.

– இரண்டாமாண்டு சிவில் மாணவன்